ரெண்டு ரங்கராஜனும் ஆத்தைத் தாண்டாத நெட்வொர்க்கும்

"நெட் இல்ல சார், நாளைக்கு வாங்க."

திருச்சியில எந்தக் கவுண்டர்ல போய் நின்னாலும் என்னைக்காவது ஒரு நாள் காதுல விழுந்தே தீர்ற வசனம் இது. சில இடத்துல நியாயமான வசனம்தான். ரயில் டிக்கெட் எடுக்கணும், பத்திரம் பதியணும்னா நெட் இல்லாம முடியாது. ஆனா பக்கத்து ரூம் பிரிண்டர்ல ஒரு காகிதம் எடுக்கவும், எதிர் மேஜைக் கம்ப்யூட்டர்ல இருக்கிற ஃபைலைத் திறக்கவும் இதே வசனத்தைச் சொல்றாங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. எதிர் மேஜைக்குப் போறதுக்கு எதுக்குங்க இன்டர்நெட்?

நம்ம மக்கள்ல ரொம்பப் பேருக்கு நெட்வொர்க்னாலே இன்டர்நெட்தான்னு ஆகிப்போச்சு. செல்போன்ல ஆரம்பிச்ச தலைமுறைக்கு அப்படித் தோணுறதுல தப்பும் இல்ல. ஆனா இன்டர்நெட்டுக்குள்ள காலடி வைக்கிறதுக்கு முன்னாடி, கட்டடத்துக்குள்ளேயே ஓடுற ஒரு குட்டி நெட்வொர்க் இருக்கு. லோக்கல் ஏரியா நெட்வொர்க், சுருக்கமா லேன். என் கட்சி இதுதான்: எந்த வேலை கட்டடத்துக்குள்ளேயே முடியும், எந்த வேலை வெளியே போயே ஆகணும்னு பிரிச்சுப் பார்க்கிற பழக்கத்தை நாம தொலைச்சுட்டு வர்றோம். அதுக்கான விலையைக் கொடுக்கிறது, கவுண்டருக்கு இந்தப் பக்கம் வரிசையில நிக்கிற ஆளு.

ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல தீவா உட்கார்ந்திருக்கிற ஊர். 1976-ல் கட்டின காவிரிப் பாலத்தை 2022-ல் பராமரிப்புக்காக மூடினாங்க, 2023-ல்தான் திறந்தாங்க. அத்தனை மாசமும் வண்டியெல்லாம் சுத்திக்கிட்டுத்தான் போச்சு. ஆனா அதுக்காக ஸ்ரீரங்கத்துல யாரும் காபிப் பொடி வாங்காம இருக்கல, ரங்கநாதரைச் சேவிக்காம இருக்கல. பால், காய்கறி, மருந்து எல்லாம் தீவுக்குள்ளேயே கிடைச்சது. டவுனுக்கு வேலைக்குப் போறவங்களும், காலேஜ் போற பிள்ளைங்களும்தான் அல்லாடினாங்க. லேனோட பலமும் பலவீனமும் இந்த ஒரு பாராவுல அடங்கிடுச்சு. இது போதும்னு நினைக்கிறவங்க இப்பவே கிளம்பலாம் :-)

மத்தவங்க வாங்க, கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்ப்போம்.

1973-ல் அமெரிக்காவுல, ஜெராக்ஸ் கம்பெனியோட பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக் கூடத்துல ராபர்ட் மெட்காஃப்னு ஒருத்தர் இருந்தார். அங்க இருந்த கம்ப்யூட்டர்களை ஒண்ணோட ஒண்ணு இணைக்கணும், எல்லாருக்கும் பொதுவா ஒரு லேசர் பிரிண்டர் கிடைக்கணும். இதுதான் தேவை. டேவிட் பாக்ஸோட சேர்ந்து அவர் உருவாக்கினதுதான் ஈதர்நெட். வேகம் விநாடிக்கு 2.94 மெகாபிட். ஒரே ஒரு தடியான கேபிள், எல்லா கம்ப்யூட்டரும் அதுலயே தொங்கும். கூட்டுக் குடும்பத்துக் கூடத்துல பேசுற மாதிரி நினைச்சுக்குங்க. யாராவது பேசிக்கிட்டு இருந்தா காதைத் தீட்டிக்கிட்டு காத்திரு. சத்தம் அடங்கினா நீ பேசு. ரெண்டு பேர் ஒரே நேரத்துல வாயைத் திறந்துட்டா ரெண்டு பேரும் நிறுத்திடணும். ஆளுக்கு ஒரு சீட்டு குலுக்கிப் போட்ட மாதிரி, வேற வேற நேரம் காத்திருந்து மறுபடி ஆரம்பிக்கணும். அவ்வளவுதான் விதி.

இப்போ அந்தக் கூடத்துச் சத்தம் கிடையாது. நடுவுல ஸ்விட்ச்னு ஒரு பெட்டி வந்தாச்சு. ஊருக்குப் பழகின போஸ்ட்மேன் அது. ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுலயும் 48 பிட்ல மேக் முகவரின்னு ஒரு நம்பர் இருக்கும். எந்தக் கேபிள்லேர்ந்து எந்த நம்பர் பேசுதுன்னு ஸ்விட்ச் பார்த்துப் பார்த்து மனப்பாடம் பண்ணிக்கும். அப்புறம் அந்த நம்பருக்கு வர்ற தபாலை அந்தக் கேபிள்ல மட்டும் தள்ளிவிடும். ஆரம்பத்துல மட்டும் ஒரு கத்தல் உண்டு: "192.168.1.7 யாருப்பா?" தெருவுக்கே கேட்கும். உரியவர் மட்டும் "நான்தான், என் மேக் நம்பர் இது"ன்னு பதில் சொல்வார். அதோட அறிமுகம் முடிஞ்சது.

இந்த 192.168-ல ஒரு சுவாரசியம் உண்டு. என் வீட்டு ரூட்டருக்கும் 192.168.1.1, ஒருவேளை உங்க வீட்டு ரூட்டருக்கும் அதேதான். எப்படி சண்டை வராம இருக்கு? நம்ம ஊர்ல சன்னதித் தெரு இல்லையா? கோயில் இருக்கிற எந்த ஊர்ல பார்த்தாலும் ஒரு சன்னதித் தெரு இருக்கும். ஊருக்குள்ள "சன்னதித் தெரு மூணாம் நம்பர் வீடு"ன்னா குழந்தைகூட கை காட்டும். ஊர்ப் பேர் எழுதாம அதையே கவர் மேல எழுதி தபால்ல போட்டா? எங்கேயும் போய்ச் சேராது. உள்ளூர்ல மட்டும் செல்லுபடியாகிற இந்த மாதிரி முகவரிகளை 1996-லயே தனியா ஒதுக்கி வெச்சுட்டாங்க. வெளியூர்த் தபால் எல்லாத்துக்கும் ஊர்ப் பேர் போட்டு அனுப்பறது ரூட்டரோட வேலை.

சரி, ரங்கராஜன்கள் எங்கேன்னு கேக்கறீங்களா? வந்துட்டேன்.

முதல் ரங்கராஜன், சி. ரங்கராஜன். அரியலூர்ல பிறந்து, நம்ம திருச்சி நேஷனல் காலேஜ்ல படிச்சவர். பின்னாடி ரிசர்வ் வங்கி கவர்னர் ஆனார். துணை கவர்னரா இருந்தப்போ வங்கிகளைக் கம்ப்யூட்டர்மயமாக்குறது பத்தி ரெண்டு கமிட்டிக்குத் தலைமை வகிச்சார், முதல் கமிட்டி அறிக்கை 1984-ல் வந்தது, ரெண்டாவது கமிட்டி 1988-ல். முதல்ல கிளைக்குள்ள தனித்தனி லெட்ஜர் மெஷின்கள் வந்தது. 1993-ல் ஊழியர் சங்கங்களோட ஒப்பந்தம் ஆன பிறகு முழுக் கிளையும் கம்ப்யூட்டருக்கு மாற ஆரம்பிச்சது. அதாவது கிளைக்குள்ள ஒரு சர்வர், ஒவ்வொரு கவுண்டர்லயும் ஒரு டெர்மினல், நடுவுல ஒரு லேன்.

அதோட வசதி கொஞ்சநஞ்சமில்ல. டோக்கன் வாங்கிக்கிட்டு, லெட்ஜர் ஒரு மேஜையிலேர்ந்து இன்னொரு மேஜைக்கு நடந்து போறதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்த காலம் போச்சு. எந்தக் கவுண்டர்ல கேட்டாலும் அதே கணக்கு, அதே பாக்கி. டெலிபோன் லைன் செத்துக் கிடந்தாலும் பணம் கிடைக்கும், ஏன்னா கணக்கு அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கு.

எல்லையும் அதேதான். கணக்கு அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கு! ஸ்ரீரங்கம் கிளையில கணக்கு வெச்சிருக்கிறவர் அதே வங்கியோட கண்டோன்மென்ட் கிளைக்குப் போனா அவர் யாரோ, எவரோ. பாலத்தைத் தாண்டினா பாஸ்புக் வெறும் காகிதம். 2000-களில் கோர் பேங்கிங் வந்து கிளைக் கணக்கையெல்லாம் ஒரே மைய சர்வருக்குக் கொண்டு போனப்பதான் இது தீர்ந்தது. பணம்ங்கிறது ஊர் ஊராப் போற சாமான். அதோட கணக்கு ஆத்தைத் தாண்டியே ஆகணும். அந்த மாற்றம் நூத்துக்கு நூறு சரி.

என் புகார் என்னன்னா, வங்கிக்குச் சரியா இருந்ததை எல்லாரும் எல்லாத்துக்கும் எடுத்துக்கிட்டாங்க. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

திருச்சியில ஒரு ஸ்கேன் சென்டர். பேர் வேணாம். சொந்தக்காரப் பாட்டி ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன். எக்ஸ்ரே எடுத்தாச்சு. டாக்டர் ரூம் அதே வராந்தாவுல நாலாவது கதவு. படம் மட்டும் வரல. எடுத்த படம் எங்கேயோ இருக்கிற கிளவுட் சர்வருக்குப் போய், அங்கேயிருந்து டாக்டர் திரைக்கு வரணுமாம், அன்னைக்கு நெட் படுத்துருச்சு. பாட்டி ரெண்டு மணி நேரம் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு பெஞ்சுல உட்கார்ந்திருந்தாங்க. நாலு கதவு தூரத்தை அந்தப் படத்தால நடந்து வர முடியல. கிளவுட்ல ஒரு பிரதி வைக்கிறது நல்ல விஷயம். வெளியூர் டாக்டர் பார்க்கலாம், இங்க ஏதாவது ஆனாலும் படம் அழியாது. ஆனா முதல் பிரதி வராந்தாவுக்குள்ளேயே, லேன்ல இருந்திருந்தா பாட்டி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருப்பாங்க.

கணக்கும் போட்டுப் பார்த்துடலாம். 4 ஜிபி அளவுக்கு படங்கள்னு வெச்சுக்குங்க. அதாவது சுமார் 32,000 மெகாபிட். இன்னைக்குச் சாதாரணமா கிடைக்கிற கிகாபிட் ஸ்விட்ச் விநாடிக்கு 1,000 மெகாபிட். ஏட்டுக் கணக்குல 32 விநாடி, நடைமுறையில ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும். அதையே 10 மெகாபிட் அப்லோடு வேகத்துல மேல ஏத்தினா 3,200 விநாடி. அம்பது நிமிஷத்துக்கு மேல! அப்புறம் அதைப் பக்கத்து ரூம்ல இறக்கணும். பக்கத்து வீட்டுக்குக் காசி வழியா போற மாதிரி.

சித்திரை வீதிப் பக்கம் ஜெராக்ஸ் கடைகளையும் பாருங்க. ரெண்டு கம்ப்யூட்டர், நடுவுல ஒரு கை இடைவெளி. இதுலேர்ந்து அதுக்கு ஃபைல் போறது வாட்ஸப்ல, இல்லேன்னா பென்டிரைவ்ல. அதுல போறது யாரோ ஒருத்தரோட ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம். ஒரு முழம் தூரம் போக வேண்டிய காகிதம் ஊர் உலகமெல்லாம் சுத்திட்டு வருது, போற வழியில எத்தனை போன்ல தங்குதோ ரங்கநாதருக்கே வெளிச்சம். ஒரு சின்ன ஸ்விட்ச்சும் ரெண்டு கேபிளும் இருந்தா தீர்ந்துபோற சமாச்சாரம்.

இப்போ ரெண்டாவது ரங்கராஜன். எஸ். ரங்கராஜன்னு சொன்னா யாருன்னு கேப்பீங்க, சுஜாதான்னு சொன்னா எழுந்து நிப்பீங்க :-) ஸ்ரீரங்கத்துல பாட்டி வீட்டுல வளர்ந்து, செயின்ட் ஜோசப்ஸ் காலேஜ்ல படிச்ச நம்ம வாத்தியார், பெல் நிறுவனத்துல இருந்தப்போ மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தை உருவாக்கினதுல முக்கியப் பங்கு வகிச்சார். (திருச்சிக்காரங்க அவசரப்படாதீங்க, இது திருவெறும்பூர் பெல் இல்ல, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ்.) 2001 சட்டமன்றத் தேர்தல்லேர்ந்து தமிழ்நாடு முழுக்க அதுலதான் ஓட்டுப் போடுறோம்.

அந்த எந்திரத்துல எனக்குப் பிடிச்ச பாகம் அதோட கேபிள். அதிகாரி மேஜையில இருக்கிற கட்டுப்பாட்டுக் கருவிக்கும், மறைவுல இருக்கிற வாக்களிக்கும் கருவிக்கும் நடுவுல 5 மீட்டர் கேபிள். அந்த எந்திரம் வேற எந்த நெட்வொர்க்கோடயும் சேராது. சொல்லப்போனா இது லேன்கூட இல்ல, லேனுக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பா முறை. எந்திரத்தைப் பத்தி ஆயிரம் விவாதம் உண்டு, நான் அதுக்குள்ள போகல. நான் பார்க்கிறது அந்த வயரை எங்க நிறுத்தினாங்கங்கிறதை மட்டும். எல்லாத்தையும் இணைக்க முடியும்னாலும், இதை இணைக்க வேண்டாம்னு ஒரு கோடு கிழிச்சிருக்காங்க. அந்தக் கோடும் ஒரு டிசைன்தான்.

அந்தக் கோட்டோட மதிப்பு என்னன்னு 2019-ல் கூடங்குளத்துல பார்த்தோம். அணுமின் நிலையத்துல நிர்வாக வேலைக்குப் பயன்பட்ட, இன்டர்நெட்டோட இணைஞ்ச ஒரு கம்ப்யூட்டர்ல வைரஸ் இருந்ததை அணுமின் கழகம் அந்த அக்டோபர் கடைசியில ஒத்துக்கிச்சு. முக்கியமான உள் நெட்வொர்க் தனியா பிரிச்சு வெச்சிருக்கிறதால அது பாதிக்கப்படலன்னும் சொன்னாங்க. நடுவுல அந்தப் பிரிவு இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. வேணாம், ராத்திரி தூக்கம் வராது.

லேனுக்கு இவ்வளவு பாட்டு பாடிட்டேன். அதோட குறையை மறைச்சா அது விளம்பரம் ஆகிடும். அதனால அதையும் சொல்லிடறேன்.

ஒண்ணு, தூரம். செப்புக் கேபிள் 100 மீட்டர் வரைக்கும்தான். தெற்குச் சித்திரை வீதியோட ஒரு முனையிலேர்ந்து மறுமுனைக்குக்கூட எட்டாது. அதுக்கு மேலன்னா நடுவுல இன்னொரு ஸ்விட்ச், இல்லேன்னா ஃபைபர்.

ரெண்டு, கூட்டம். "யாருப்பா?" கத்தல் எல்லார் காதுலயும் விழும்னு சொன்னேனே, பத்துப் பேர் கத்தினா பரவாயில்ல, ஆயிரம் பேர் கத்தினா சந்தைக்கடை. நெட்வொர்க்கைத் துண்டு துண்டா பிரிச்சே ஆகணும்.

மூணு, நம்பிக்கை. இதுதான் பெரிய ஓட்டை. உள்ளே இருக்கிறவன் எல்லாம் நம்மாளுன்னு லேன் நினைச்சுக்கும். 2017 மே மாசம் வானாக்ரை வைரஸ் உலகத்தைச் சுத்தினப்போ, விண்டோஸ்ல ஃபைல் பகிர்ற வசதியில இருந்த ஓட்டை வழியாத்தான் ஒரு கம்ப்யூட்டர்லேர்ந்து பக்கத்துக் கம்ப்யூட்டருக்குத் தாவிச்சு. மைக்ரோசாஃப்ட் ரெண்டு மாசம் முன்னாடியே, மார்ச்லயே மருந்து கொடுத்திருந்தது. போட்டுக்காதவங்க மாட்டினாங்க, இங்கிலாந்து ஆஸ்பத்திரிகள் உள்பட. இதுக்கு விடை நம்ம ஊர்லயே கல்லுல கட்டி வெச்சிருக்கு. ஸ்ரீரங்கம் கோயிலுக்கு ஏழு பிரகாரம். வெளிப் பிரகாரத்துல வீடு, கடை, சைக்கிள், ஆட்டோ எல்லாம் உண்டு. உள்ளே போகப் போக ஆள் குறையும், கருவறைக்குள்ள ஒரு சிலருக்குத்தான் அனுமதி. நாமளோ வெளியில ஒரே ஒரு மதில் கட்டிட்டு, உள்ளே வாசல் கதவுகூட இல்லாம விட்டுடறோம். வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற வைஃபையும் கணக்குப்பிள்ளை கம்ப்யூட்டரும் ஒரே நெட்வொர்க்ல இருக்கிற ஆபீஸ் ஏராளம்.

நாலு, நெருப்பும் தண்ணியும். எல்லாமே ஒரே கட்டடத்துல இருந்தா கட்டடத்தோட எல்லாமே போகும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துல தரைத்தளத்துல கம்ப்யூட்டர் வெச்சிருந்தவங்களைக் கேளுங்க. அதனால ஒரு பிரதி கண்டிப்பா ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கணும்.

அஞ்சு, ஆள். பாஸ்வேர்டு மாத்தணும், பேக்கப் எடுக்கணும், எலி கடிச்ச கேபிளை மாத்தணும். இதைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும். பாதி லேன் செத்துப்போறது இந்த அஞ்சாவது காரணத்தாலதான்னு நான் அடிச்சுச் சொல்வேன். கிளவுட்காரங்க ஜெயிச்சதும் இங்கதான். அதைக் குறை சொல்லவும் முடியாது.

இருந்தாலும் லேனை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரல. 2005, 2006 வாக்குல அரவிந்த் கண் மருத்துவமனை தேனியில செஞ்சதைப் பாருங்க. சுத்துவட்டாரத்துல இருந்த சின்னச் சின்னக் கண் மையங்களை ஆஸ்பத்திரியோட இணைக்கணும். அப்போ அந்தப் பக்கம் நல்ல இன்டர்நெட் கிடையாது. பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வந்து, நம்ம வீட்டுல இருக்கிற அதே வைஃபை தொழில்நுட்பத்தை உயரமான டவர்ல, ஒரே திசையைப் பார்க்கிற ஆண்டெனாவோட வெச்சு பல கிலோமீட்டர் தாண்டவெச்சாங்க. கிராமத்து மையத்துல உட்கார்ந்திருக்கிறவங்களை தேனி டாக்டர் வீடியோவுல பார்த்தார். இன்டர்நெட் வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கல, தங்களுக்கு வேண்டிய நெட்வொர்க்கைத் தாங்களே கட்டிக்கிட்டாங்க. அதுதான் விஷயம்.

ஆத்துக்கு அந்தப் பக்கக் கதவு நம்ம கையில இல்லேங்கிறதையும் மறக்கக் கூடாது. 2018 மே மாசம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்கு அப்புறம் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூணு மாவட்டத்துலயும் அரசாங்கமே இன்டர்நெட்டை நிறுத்தி வெச்சது. அது சரியா தப்பாங்கிறது தனிப் பதிவுக்கான சண்டை. ஆனா அந்த மாதிரி நாள்ல ஒரு ஆஸ்பத்திரிக்குள்ள எக்ஸ்ரே ரூமும் டாக்டர் ரூமும் பேசிக்கணுமா வேண்டாமா?

அதனால யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் மூணே மூணு கேள்வி கேட்டுக்கிட்டா போதும்னு நினைக்கிறேன். இந்தத் தகவலைப் பார்க்க வேண்டியவர் இந்தக் கட்டடத்துலயே இருக்காரா? இருந்தா லேன்ல வைங்க. வெளியூர்ல இருக்கிறவரும் பார்க்கணுமா? அப்போ வெளியே அனுப்புங்க. இது வெளியே போனா யாருக்காவது ஆபத்தா? ஆமான்னா ரெண்டாவது ரங்கராஜன் பாணியில வயரை வெட்டி நிறுத்துங்க.

கடைசியா பொட்டி தட்டுற மக்களுக்கு ஒரு வார்த்தை. நீங்க படிச்ச ஸ்கூல் எப்படியும் இங்கேயோ, மணப்பாறை, லால்குடி பக்கமோ இருக்கும். அங்க பத்துக் கம்ப்யூட்டர் இருந்து, "நெட் இல்ல"ன்னு லேபைப் பூட்டி வெச்சிருந்தாங்கன்னா ஒரு ஞாயித்துக்கிழமை போய்ப் பாருங்க. ஒரு கம்ப்யூட்டரை சர்வரா மாத்தி, கிவிக்ஸ்னு இலவச மென்பொருள் ஒண்ணு இருக்கு, அதைப் போடுங்க. ஒன்றரை லட்சம் கட்டுரைக்கு மேல இருக்கிற தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமா இறக்கி அதுல ஏத்தலாம். மத்த ஒன்பது கம்ப்யூட்டர்லயும் பிள்ளைங்க படிக்கலாம். நெட் வேண்டாம், மாசாமாசம் ரீசார்ஜ் வேண்டாம். ஒரு ஸ்விட்ச், கொஞ்சம் கேபிள், கிரிம்ப்பிங் டூல் ஒண்ணு. மதியம் டீ வர்றதுக்குள்ள வேலை முடிஞ்சுடும்.

டிஸ்கி: கிளவுடுக்கு நான் எதிரி இல்ல. இந்தப் பதிவே அங்கதான் கிடக்கு. பிரதி மட்டும் என் மேஜைக்கு அடியில இருக்கிற பழைய பொட்டியில பத்திரமா இருக்கு :-)